புது மிசினுக்கு எட்டுப் பேர்

எட்டுப் பேருக்கு நான் வாக்குக் கொடுத்தது ஒரு தட்டு மீகோரெங்கின் முன்னால். கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. கூலாய்க்கும் செனாய்க்கும் நடுவில், செம்பனை மரங்கள் முடிந்து கம்பிவேலி தொடங்கும் இடத்தில் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் உற்பத்தித் திட்டம் போடுகிறவன், அவ்வளவுதான். எந்த மிசின் எந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டிக் கொடுப்பேன். மனிதர்கள் அந்தக் கட்டங்களுக்குள் எண்களாக வருவார்கள். அன்றைக்கு எட்டு என்ற எண் கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"என்னா தம்பி, புது மிசின் வருதாமே," என்றார் அக்கா. "மூனு பேரு போதுமாமே. மிச்சம் அஞ்சு பேர என்னா பண்ணப் போறீங்க? ஸ்டோர் ரூம்ல அடுக்கி வைக்கப் போறீங்களா?"

அக்கா அந்த உற்பத்தி வரிசையின் தலைவி. என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஞாயிறு பூசையைத் தவிர வேறு எதற்கும் தலை குனியாதவர் என்று கேலி பேசுவோம். மலாய்க்காரர்களும் சீனர்களும்கூட அவரை அக்கா என்றே கூப்பிட்டதால், அது உறவு முறை என்பதே மறந்து பதவிப் பெயர் மாதிரி ஆகிவிட்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரே மிசின் முன்னால் நின்றவர். அவர் வரிசையில் வந்ததெல்லாம் ஒரே பொருள்: ஏர்கோனின் வாயில் மேலும் கீழும் ஆடுமே, அந்த நீளமான வெள்ளை இதழ். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பொருள். ஆனால் படுக்கையில் கிடக்கிற மனிதன் கண்ணில் அதுதான் படும். ஆகவே ஒரு புள்ளி இருந்தாலும் கழிவு.

"யாரும் போக மாட்டீங்க," என்றேன். வாயில் மீகோரெங் நூடுல்ஸ் இருந்தது. வாக்கு அதைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. "எட்டுப் பேரும் இருப்பீங்க. நான் பாத்துக்கிறேன்."

"ஒங்கப்பா கம்பெனியா இது?" என்று கேட்டாள் பாட்டுக்காரி. அவள் தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறவள். வேலை நேரத்திலும் வாய் ஓயாது. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளரிக்காயை எடுத்து வைத்துவிட்டு, "சொன்னத மறந்துறாதீங்க தம்பி," என்றார். அந்த வெள்ளரிக்காயோடு என் நிம்மதி போயிற்று.

அந்த மிசினைக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் எழுதிக் கொடுத்தவனே நான்தான். இதை அவர்களிடம் சொல்லவில்லை.

முதலாளி அறுபது தாண்டிய சீனர். என்னோடு மலாயில்தான் பேசுவார், நடுநடுவே ஆங்கிலம். ஒரு கடைவீட்டின் பின்கட்டில் இரண்டு பழைய மிசின்களை வைத்துத் தொடங்கியவர். இப்போது அவர் மகன், வேறு நாட்டில் கூலி குறைவு, பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளை அங்கே அனுப்பிவிடலாம் என்கிறான். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. மலிவான கையைத் தேடி நாடு நாடாக ஓடினால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்; இங்கேயே இருந்து இன்னும் நல்ல இதழைச் செய்வோம், அதற்கு மிசினை மாற்றுவோம். பல மாதங்கள் இதைப் பேசினேன். மிசின் விற்பவர்களின் வண்ணத் தாள்களைக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் முதலாளி ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம். நூற்றில் இரண்டுக்கு மேல் கழிவு வரக் கூடாது. மாதக் கடைசியில் இதழை வாங்குகிறவர்களின் ஆட்கள் வந்து சோதிப்பார்கள். தேறினால் இங்கே இருப்போம், தேறாவிட்டால் மகன் சொன்னபடி.

"தேறினாலும் மூனு பேர்தான்," என்றார். "தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு. நீதான் எனக்குக் காட்டினே."

காட்டியது நான்தான். எனக்குப் பிடித்த பக்கங்களை மட்டும் படித்திருந்தேன்.

மிசின் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வெள்ளை நிறம், பச்சை விளக்கு, எண்ணெய் வாசனையே இல்லை. மேலே ஒரு இயந்திரக் கை. அச்சு திறந்ததும் இறங்கி இதழைக் கவ்வி எடுத்து வெளியே வைக்கும், கூட்டிலிருந்து முட்டையை எடுக்கிற நிதானத்தோடு. பழைய மிசின் ஒவ்வொரு தடவை மூடும்போதும் கட்டடமே முனகும். இதிலிருந்து ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. முதல் நாள் எட்டுப் பேரும் அதைச் சுற்றி நின்றார்கள், பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி, யாரைப் போல இருக்கிறது என்று தெரியாமல்.

"சத்தமே காணோமே, உசுரு இருக்கா?" என்று கேட்டாள் சம்பல்காரி. அவள் பக்கத்துக் கம்பத்திலிருந்து, மலாய்க் கிராமத்திலிருந்து, வரும் மலாய்க்காரி. இவர்களோடு இருந்தே தமிழ் படித்தவள். அவள் கொண்டுவரும் மிளகாய்ச் சம்பலுக்காக மற்ற வரிசைக்காரர்கள் இந்த வரிசையோடு சிநேகம் வைத்திருந்தார்கள்.

மிசினைப் பொருத்தித் தர விற்பனைக் கம்பெனியிலிருந்து ஒருவர் பினாங்கிலிருந்து வந்திருந்தார். தமிழர்தான். நாற்பது வயது இருக்கும். எட்டுப் பேரையும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டார், அவரைவிட இளையவளான பாட்டுக்காரியையும் சேர்த்து. அதற்காகவே அவள் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அவர் சொன்ன விதி ஒன்றுதான். "இந்தக் கதவத் தொறந்தா மிசின் நின்னுரும். நின்னா அச்சு ஆறிரும். ஆன்ட்டி, நீங்க பாத்தா போதும். மிசின காச்சாவ் பண்ணாதீங்க."

தொந்தரவு செய்யாதீர்கள். எட்டுத் தலைகளும் ஆடின.

பழைய மிசின் அப்படி இல்லை. அது தொந்தரவு செய்யச் செய்யத்தான் ஓடும். அச்சின் ஓரத்தில் எண்ணெய்ப் புகை படியும், இதழின் ஒரு முனையில் சாம்பல் நிறத்தில் தடம் விழும். ஆகவே அவ்வப்போது கதவைத் திறந்து அச்சைத் துடைக்க வேண்டும். அக்காவின் பிள்ளைகள் மூவர். அவர்கள் போட்டுச் சிறிதாய்ப் போன வெள்ளைப் பள்ளிச் சட்டைகளை அக்கா சதுரம் சதுரமாக வெட்டி, துவைத்து, மடித்துக் கொண்டுவருவார். அந்தத் துணி நூல் உதிர்க்காது. முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் படிவம்வரை மூன்று பிள்ளைகளும் அந்த அச்சைத் துடைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

முதல் வாரம் கழிவு குவிந்தது. இதழின் நடுவில் பால் சிந்தி உலர்ந்தது போல ஒரு மங்கல். எல்லாவற்றிலும் இல்லை. கொஞ்ச நேரம் கண்ணாடி மாதிரி வரும், திடீரென்று நாலைந்து மங்கலாக வரும், மறுபடி சரியாகும். பினாங்குக்காரர் பிளாஸ்டிக் குருணையை மாற்றினார், உலர்த்தும் நேரத்தைக் கூட்டினார், குளிர்நீரின் வேகத்தைச் சோதித்தார். இயந்திரக் கையின் உறிஞ்சிகளைக் கழற்றிப் பார்த்தார். மங்கல் போகவில்லை. முதலாளி தினமும் வந்து கழிவுத் தொட்டியை எட்டிப் பார்ப்பார். உள்ளே கிடக்கும் இதழ்களை எண்ணிவிட்டுப் போவார். அவர் எண்ணுவது எனக்குக் கேட்கும்.

ஒன்பதாம் நாள் பினாங்குக்காரர் மிசினின் திரையை எனக்குத் திருப்பிக் காட்டினார். அது எப்போதெல்லாம் நின்றது என்ற பட்டியல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நின்றிருக்கிறது. சில நேரம் நாலு நிமிடம். சில நேரம் ஆறரை.

"மிசின் கோளாறுன்னா ஒரே மாதிரி வரும் சார்," என்றார். "இது மனுசக் கோளாறு. கதவத் தொறக்கிறாங்க. நான் ரிப்போர்ட்ல எழுதிடறேன். கதவப் பூட்டணும், பக்கத்துல ரெண்டு பேருக்கு மேல நிக்கக் கூடாது."

மூன்று இப்போது இரண்டாகிவிட்டது.

"ஒரு நாள் குடுங்க," என்றேன். "நாளைக்கு எழுதுங்க."

"ஒரு நாள்ல என்னா சார் பண்ணப் போறீங்க?"

தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

பகல் இடைவேளையில் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, கதவ ஏன் தொறக்கிறீங்க?"

"நாங்க எங்க தொறந்தோம்? அவருதான் வேணாம்னாருல்ல."

பொய் சொல்கிறவர் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு முறை எண்ணிக்கையில் தவறிப் போனபோது, கண்டுபிடிக்கும் முன்னரே அவரே வந்து என் மேசை முன் நின்றவர். திரை தப்பா, அக்கா தப்பா என்று புரியாமல், சாப்பாட்டுக்குப் பிறகு மிசினுக்குச் சற்றுத் தள்ளி, பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் நின்றேன். கைத்தொலைபேசியில் படமெடுத்தேன். வெளியே மழை இறங்கியது. தகரக் கூரையில் அதன் சத்தம், அதற்குக் கீழே பாட்டுக்காரியின் குரல். ஒரு பழைய சினிமாப் பாட்டு. மற்றவர்கள் இதழ்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாட்டு வளர்ந்தது, கடைசி வரி வந்தது, முடிந்தது. முடிந்த அந்த நொடியில் அக்காவின் கை, அவர் முகம் வேறெங்கோ பார்த்திருக்க, முன்தலை மயிரை ஒதுக்குவது போலப் போய்க் கதவைத் திறந்தது. துணி. இரண்டு இழுப்பு. கதவு மூடியது. பச்சைப் பொத்தான். பாட்டுக்காரி அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.

இன்னொரு பாட்டு முடிந்தது. இந்த முறை சம்பல்காரியின் கை.

யாரும் எண்ணவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரும் எண்ணியதில்லை. ஒரு பாட்டுக்கு ஒரு துடைப்பு. பழைய மிசினுக்கு அது கச்சிதமான கணக்கு. எந்த வல்லுநரும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார். புது மிசினுக்கு அதுவே காய்ச்சல். நிறுத்தித் துடைத்ததால் அச்சு ஆறியது, ஆறியதால் அடுத்த நாலைந்து இதழ் மங்கியது, மங்கியதைப் பார்த்ததால் துடைக்க வேண்டும் என்று கைக்கு இன்னும் உறுதியாயிற்று.

படத்தை அக்காவிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாவது தடவை.

"அலமாக்," என்றார் மெதுவாக. "இது நானா?"

"நீங்கதான்."

"கை தானாப் போவுது தம்பி. நான் அனுப்பல."

பாட்டுக்காரி அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். "அப்ப என் பாட்டாலதானா? நான் இனிமே வாயத் தொறக்கல."

"நீ வாய மூடினா நாங்க நின்னுக்கிட்டே தூங்கிருவோம்," என்றாள் சம்பல்காரி. "மூடாத. முடிக்காத."

அதுதான் தீர்வாயிற்று. பாட்டை முடிக்கக் கூடாது. கடைசி வரிக்கு முன்பே அடுத்த பாட்டின் முதல் வரிக்குத் தாவிவிட வேண்டும். மறுநாள் காலையில் பாட்டுக்காரி சினிமாவிலிருந்து தேவாலயத்துக்கும், தேவாலயத்திலிருந்து மலாய்ப் பாட்டுக்கும் மூச்சு வாங்காமல் போய்க்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு கை கதவுப் பக்கம் போனால் பக்கத்தில் இருப்பவர் லேசாகத் தட்டிவிடுவார். அக்கா துணிப் பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். முதல் இரண்டு நாள் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார், கல்யாண வீட்டில் யாரையும் தெரியாத விருந்தாளி போல. அன்றே மங்கல் குறைந்தது; ரிப்போர்ட் எழுதப்படவில்லை. நாலாம் நாள் கழிவுத் தொட்டியின் அடி தெரிந்தது. பினாங்குக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "என்னா சார் பண்ணீங்க?" என்றார். சொன்னேன். நம்பவில்லை. ஒரு மணி நேரம் அங்கேயே நின்று பாட்டுக் கேட்டார். பிறகு பாட்டுக்காரியிடம் போய், "அக்கா, ஒரு பாட்டுக் கேக்கலாமா?" என்றார். ஆன்ட்டி அக்காவாகிவிட்டாள். அவரை மன்னித்தாள்.

நான் சந்தோசமாக இருந்தேன், ஒரு முழு நாள். மறுநாள் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, ஒன்னு கேக்கிறேன். நாங்க கைய எடுத்ததாலதான் மிசின் நல்லா ஓடுது. சரியா?"

"சரிதான்."

"அப்புறம் எங்கள எதுக்கு வெச்சிருக்கணும்?"

கோபமில்லை அந்தக் குரலில். உண்மையாகவே கேட்டார். என் கட்டங்களுக்கு எதிரே உட்கார்ந்து அவற்றை ஒரு முறை பார்த்தார்.  "யோசிங்க," என்று எழுந்து போனார். அவர்களுடைய திறமையை எடுத்துக்கொண்டு அவர்களையே அனுப்பும் ஒரு வேலையை நான் வெகு அழகாகச் செய்து முடித்திருந்தேன்.

யோசித்தேன். என் காரில் நெடுஞ்சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபடி யோசித்தேன். வீட்டில் கறிக்குழம்பு முன்னால் யோசித்தேன். மனைவி, "மிசின் கூட சாப்பாட்டுக்கு நிக்கும்," என்றாள்.

பதில் என் யோசனையில் கிடைக்கவில்லை. நடைபாதையில் இடித்துக்கொண்டபோது கிடைத்தது. வெள்ளை இதழ்கள் அடுக்கிய தள்ளுவண்டிகள் நடைபாதை முழுக்க நின்றன. முழங்கால் ஒன்றில் மோதியது. ஏன் இத்தனை நிற்கின்றன? ஒவ்வொரு இதழின் இரண்டு முனையிலும் ஒரு சின்ன ரப்பர் வளையத்தைச் செருக வேண்டும். அந்த வேலையை நாங்கள் செய்வதில்லை. மூவார் ஊரில் நாற்காலி செய்யும் ஒருவர் தன் கொட்டகையில் ஆள் வைத்துச் செய்து தருவார்; வாரத்துக்கு இரண்டு லோரி. பழைய மிசின் காலத்தில் அது போதும். புது மிசின் லோரிக்குக் காத்திருக்கவில்லை. அதோடு, போய் வரும் வழியில் கீறல் விழுகிறது. வாங்குகிறவர்கள் திருப்பி அனுப்பிய இதழ்களை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பாதிக்கு மேல் பயணக் கீறல்.

வளையத்தைச் செருகுவது கையால் செய்யும் வேலை. மிசினைத் தொடத் துடிக்கும் பதினாறு கைகள் என்னிடம் இருந்தன.

ஒரு தாளில் எழுதினேன். செருகும் வேலையை உள்ளே கொண்டுவருவது. மிசினுக்கு ஒருவர், செருகுவதற்கு மூவர், ஆக நாலு. இவ்வளவு பெரிய மிசினைப் பகலில் மட்டும் ஓட்டுவது வீண். இரவும் ஓட வேண்டும். நாலும் நாலும் எட்டு.

முதலாளி தாளைப் படித்தார். தாளோடு வரிசைக்குப் போனார். ஒரு தட்டு ரப்பர் வளையங்களைக் கொண்டுவரச் சொல்லி, முக்காலியை இழுத்து எட்டுப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து, அவரும் செருக ஆரம்பித்தார். முதல் வளையம் தெறித்து அவர் சட்டைக்குள் போயிற்று.

"பாஸ், மெதுவா," என்றாள் சம்பல்காரி மலாயில். "அது ஒங்களுக்கு இல்ல, ஏர்கோனுக்கு."

அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அன்று சிரித்தார். அரை மணி நேரம் அங்கே இருந்தார். அவர் ஒன்று முடிப்பதற்குள் அக்கா ஏழு முடித்தார். எழுந்து போகும்போது அக்காவின் இதழ்களில் ஒன்றை எடுத்துச் சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கீறலில்லை. "சோதனை தேறட்டும்," என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மாதக் கடைசியில் ஆட்கள் வந்தார்கள், வெள்ளைக் கையுறை போட்டார்கள், இதழ்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அன்று பாட்டுக்காரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவள் சுக்குத்தண்ணி குடித்துக் குடித்து முணுமுணுத்தே ஓட்டினாள். தேறினோம்.

மூவார்க் கொட்டகையில் அந்த வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நாற்காலிக்கு மெத்தை தைக்கப் போய்விட்டதாக லோரிக்காரர் சொன்னார். நான் நேரில் போய்க் கேட்கவில்லை. அவர்களுக்கு நான் வாக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான பதில் இல்லை. இன்னும் அந்தக் கேள்வியை வைத்திருக்கிறேன்.

எட்டுப் பேரிடமும் கேன்டீனில்தான் சொன்னேன். எட்டுப் பேரும் இருக்கிறீர்கள். மேசையைத் தட்டினார்கள். பிறகு அடுத்ததைச் சொன்னேன்: நாலு பேர் காலை ஏழிலிருந்து, நாலு பேர் மாலை ஏழிலிருந்து. மாதத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்ளலாம்.

அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. எனக்குமே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. எட்டுப் பேரும் இருப்பார்கள், ஆனால் எட்டுப் பேராக இருக்க மாட்டார்கள்.

"அப்ப சம்பல் எந்த ஷிப்டு?" என்று யாரோ கேட்டார்கள். அதற்குச் சிரிக்க முயன்றார்கள்.

அக்கா பிரிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் ஆயிற்று அவருக்கு. நான் நாலு வினாடியில் பிரித்திருப்பேன். அவர் பட்டியலில் காரணங்கள் இருந்தன. சண்டை போட்டுக்கொள்ளும் இருவரை ஒரே பக்கம் போட்டார்: "இவளுங்க பிரிஞ்சா யாரத் திட்டுவாளுங்க?" சின்னப் பிள்ளை உள்ளவளுக்குப் பகல், அவள் மாறவே வேண்டாம்; அவளுக்கு ஈடாக இன்னொருத்தி இரவிலேயே இருக்க ஒத்துக்கொண்டாள். பாட்டுக்காரி ஒரு பக்கம். மற்றப் பக்கத்துக்குப் பாட்டு இல்லை, அதனால் சம்பல் அந்தப் பக்கம். தன்னைப் பாட்டு இல்லாத பக்கம் போட்டுக்கொண்டார்.

"ஏன்க்கா?" என்றேன்.

"பாட்டு முடிஞ்சா என் கை போகும் தம்பி. எனக்கு இன்னும் நம்பிக்கை வரல." பட்டியலை என் மேசையில் வைத்து, "நீங்க சொன்ன மாதிரி எட்டுப் பேரும் இருக்கோம்லா. போதும்," என்றார். அந்தப் போதும் என்ற சொல் போதாத சொல்லாக என் மேசையில் கிடந்தது.

அன்று பிற்பகல் ஷிப்டுக் கால அட்டவணையை முதலாளியிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். காலை ஷிப்டு முடிவது மாலை ஏழு பத்துக்கு என்றும், மாலை ஷிப்டு தொடங்குவது ஏழுக்கு என்றும் போட்டிருந்தேன். காலையிலும் அப்படியே. பத்து நிமிடம் இரண்டு குழுவும் ஒரே இடத்தில்.

"இது எதுக்கு?" என்றார்.

"ஒப்படைப்பு, பாஸ். மிசின் நிலவரம், கழிவு நிலவரம், குருணை இருப்பு. முன்னால நிக்கிறவங்க பின்னால வர்றவங்களுக்குச் சொல்லணும்."

"அதெல்லாம் திரையில இருக்கு."

"இருக்கு."

"அஞ்சு நிமிசம் போதும்லா."

"பத்து வேணும் பாஸ்."

அவர் என்னைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே ஒரு விமானம் செனாய் விமான நிலையத்துக்குத் தாழ இறங்கிக்கொண்டிருந்தது; அதன் சத்தம் கடந்து போகும்வரை பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு பத்தை அடித்துத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

முதல் மாலை ஒப்படைப்புக்கு நான் வீட்டுக்குப் போகாமல் நின்றேன். ஏழு மணி. நாலு பேர் கைகழுவி நின்றார்கள், நாலு பேர் பை மாட்டி உள்ளே வந்தார்கள்.

"மிசின் எப்படி?" என்று கேட்டார் அக்கா, உள்ளே வரும் பக்கத்திலிருந்து.

"நல்லா இருக்கு," என்றாள் பாட்டுக்காரி.

ஒப்படைப்பு முடிந்தது. அதன்பின் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.